குறிஞ்சிச் செடியை அடையாளம் காணுதல்: சங்கப் பெயரும் இலண்டன் உலர்தாவரத் தாளும்

குறிஞ்சி என்னும் சொல் தமிழில் பல பொருள் தாங்கி நிற்பது. மலையும் மலை சார்ந்த நிலமும், புணர்தலாகிய உரிப்பொருளும், ஒரு பண்ணும், ஒரு யாழும், ஒரு பூவும் அச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் பூவே முதலாவது என்பதும், பூவின் பெயரே நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பெயராயிற்று என்பதும் பெரும்பாலோர் உடன்படும் கருத்துகள். ஆயினும் திணைக் கோட்பாட்டைப் பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் எழுந்துள்ள நிலையில், அப்பெயருக்கு முதலாகிய செடி எது, அதை எவ்வாறு அடையாளம் காண்பது என்னும் வினா பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்போடு முடிந்துவிடுகிறது. அந்த அடிக்குறிப்பில் ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா’ என்னும் இலத்தீன் பெயர் இருக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்ற குறிப்பும் இருக்கும். அவ்விரண்டும் எங்கிருந்து வந்தன என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது.

வடமேற்கு இலண்டனில் உள்ள கிங்ஸ்பரியிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் ஈழத்தமிழர் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. அங்கு வார இறுதித் தமிழ் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள் ஐந்திணையை வாய்ப்பாடாகக் கற்கின்றனர். குறிஞ்சி என்றால் என்ன என்று கேட்டால் மலையும் மலை சார்ந்த இடமும் என்ற விடை உடனே வரும். பூ எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு விடை கூறுவது ஆசிரியருக்கும் எளிதன்று. இதில் ஒரு விந்தை உண்டு. கிங்ஸ்பரி நிலையத்தில் ஜூபிலி தடத்து வண்டியேறி, மேற்கு ஹாம்ப்ஸ்டெட்டில் மாறினால், ஒரு மணி நேரத்துக்குள் கியூ தாவரத் தோட்டத்தை அடைந்துவிடலாம். குறிஞ்சிக்கு அறிவியற்பெயர் தோன்றக் காரணமான தாவரத் தொகுப்பு, அத்தோட்டத்தின் உலர்தாவரகத்தில்தான் உள்ளது. சொல்லைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்கள் ஒரு திசையிலும், செடியை அழுத்தி உலர்த்திக் கொண்டுவந்தவர்கள் வேறொரு திசையிலுமாக, ஒரே நகரத்தில் இரண்டும் வந்து சேர்ந்துள்ளன.

முதலில் இலக்கியம் தரும் சான்று எவ்வளவு என்று பார்க்க வேண்டும். குறுந்தொகையின் மூன்றாம் பாடல், தேவகுலத்தார் பாடியது, இவ்வகையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. அப்பாடல் குறிஞ்சிச் செடியின் தண்டு கரியது என்கிறது. அதன் பூவிலிருந்து மிகுதியான தேன் சேர்க்கப்படுகிறது என்கிறது. நற்றிணையிலும் ஒரு பாடல் கரிய தண்டையும் தேனையும் இணைத்துப் பேசுகிறது. அங்கே பூவுக்கு வரும் அடைச்சொல்லை வெண்மை எனவும் கொள்ளலாம், உயர்வு எனவும் கொள்ளலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நீண்ட மலர்ப் பட்டியலில் இப்பூவையும் சேர்க்கிறது. ஆனால் பெயரை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது. இம்மூன்று இடங்களிலும் பூ நீலம் என்ற செய்தி இல்லை. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கும் இல்லை. இன்று குறிஞ்சி என்றதும் எவர் நினைவுக்கும் வரும் இரு பண்புகளும், இப்பாடல்களில் இல்லாதவை.

அகராதிகளுக்குச் சென்றால் சிக்கல் கூடுகிறது. அவை குறிஞ்சி என்ற சொல்லுக்குச் செம்முள்ளி முதலிய வேறு செடிகளையும் பொருளாகக் காட்டுகின்றன. செம்முள்ளி மஞ்சள் பூப்பூக்கும், முள்ளுடைய, சமவெளியிலும் வளரும் செடி. மலைக் குறிஞ்சியோடு ஒருவரும் மயங்கார். இம்மயக்கத்துக்கு மருத்துவ வழக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வடமொழி மருத்துவ நூல்களில் ‘சகசரம்’ எனப்படும் மூலிகைக்குப் பல பகுதிகளிலும் செம்முள்ளியே பயன்படுகிறது. கேரள வைத்தியத்திலோ அதற்குக் கருங்குறிஞ்சி பயன்படுகிறது. அக்கருங்குறிஞ்சி, ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியாட்டா என்னும் வேறோர் இனம். ஆக, ஒரே மருந்துப் பெயரின் கீழ் முள்ளியும் குறிஞ்சியும் ஒன்றையொன்று மாற்றி நின்றிருக்கின்றன. செம்முள்ளி, குறிஞ்சி இரண்டும் ஆடாதோடைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் கருதத்தக்கது. நிலவேம்பும் நீர்முள்ளியும் கனகாம்பரமும் அக்குடும்பத்தனவே.

இனி அறிவியற்பெயரின் வரலாறு. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த டேனிய மருத்துவர் நதானியேல் வாலிச், கிழக்கிந்தியக் கம்பெனியின் உலர்தாவரத் தொகுப்பைப் பீப்பாய்களில் அடைத்து 1828இல் இலண்டனுக்குக் கொண்டுவந்தார். சோஹோப் பகுதியின் ஃப்ரித் தெருவில் தங்கி, அத்தாள்களை வரிசைப்படுத்தி, எண்ணிட்டு, ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவர் தம் கையெழுத்திலேயே கல்லச்சில் வெளியிட்ட எண்ணிட்ட பட்டியல் இன்றும் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. கம்பெனி வைத்துக்கொண்ட முதற்படித் தொகுப்பு 1832இல் லினேயன் சங்கத்துக்கு வழங்கப்பட்டு, 1913இல் கியூவுக்கு மாற்றப்பட்டது. அங்கு அது பொதுத்தொகுப்போடு கலக்கப்படாமல் தனியாகவே பேணப்படுகிறது.

வாலிச் பகிர்ந்தளித்த தாள்களில் ஆடாதோடைக் குடும்பத்துக்குரியவை ஜெர்மானியரான நீஸ் ஃபான் ஏசன்பெக்கின் கைக்குச் சென்றன. வாலிச் இலண்டனில் வெளியிட்ட ‘பிளாண்டே ஆசியாட்டிக்கே ரேரியோரிஸ்’ என்னும் நூலின் 1832ஆம் ஆண்டு மூன்றாம் தொகுதியில் நீஸ் அக்குடும்பத்தை விளக்கினார். குறிஞ்சிக்கு அவர் இட்ட பேரினப்பெயர் ‘ஃப்ளீபோஃபில்லம்’. கிரேக்கத்தில் ‘ஃப்ளெப்ஸ்’ என்பது நரம்பு. ‘ஃபில்லோன்’ என்பது இலை. நரம்பிலை என்று தமிழாக்கலாம். பூவைப் புகழ்ந்து பாட ஒரு மொழி முழுவதும் இருக்க, உலர்ந்த தாளைக் கண்டவர் இலையின் நரம்பைக் கண்டு பெயரிட்டார். பின்னர் கல்கத்தாவில் பணியாற்றிய தாமஸ் ஆண்டர்சனின் பெயரோடு இச்செடி ‘ஸ்ட்ரோபிலாந்தஸ்’ என்னும் பெரிய பேரினத்துள் சேர்ந்தது. ஜாவாத் தாவரங்களை ஆராய்ந்த புளூமே 1826இல் ஏற்படுத்திய பேரினம் அது. கூம்பு போன்ற பூங்கொத்து உடையது என்பது அப்பெயரின் பொருள்.

‘குந்தியானா’ என்ற அடைமொழியைப் பற்றி ஒரு தவறான விளக்கம் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஊன்றியிருக்கிறது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையின் பெயரால் இச்செடி பெயர் பெற்றது என்பது அவ்விளக்கம். கேட்பதற்கு இனிமையாக இருப்பதாலேயே அது நிலைத்திருக்கிறது போலும். இதனை மறுக்க இரண்டு செய்திகள் போதும். தாவரவியல் இலத்தீனில் ஆற்றின் அல்லது ஊரின் பெயரால் அடைமொழி அமைத்தால் ‘என்சிஸ்’ என்ற ஈறு வருவதே வழக்கு. ‘யானா’ என்ற ஈறு ஆட்பெயருக்கு வருவது. மேலும், ஆங்கிலேயர் காலத் தாவரவியலாளர் அப்பள்ளத்தாக்கை ஆராய்ந்த முதற்பதிவாகப் பொதுவாகக் காட்டப்படுவது ராபர்ட் வைட்டின் 1847ஆம் ஆண்டுப் பயணம்; அடைமொழியோ அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே அச்சேறிவிட்டது. பெயர் பெற்றவர் கார்ல் சிகிஸ்முண்ட் குந்த் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளர் எனக் கொள்வதே பொருத்தம். ஹும்போல்ட் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணர்ந்த தாவரங்களை விவரித்து நூலாக்கியவர் அவர்.

வைட்டின் பெயரோடு இரு ஓவியர்களையும் குறிப்பிட வேண்டும். சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றிய வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ‘ஐகோனிஸ்’ நூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே பெயரிட்டார். குறிஞ்சிப் பேரினத்தின் பல இனங்களை முதன்முதலில் பூவைப் பிளந்து உட்பகுதி தெரியக் காட்டியவை இத்தகைய படங்களே. ஓர் இனத்தை அடையாளம் காண உலர்ந்த தாளைவிட நல்ல கோட்டோவியம் உதவும் இடங்கள் பல. குறிஞ்சி அவற்றுள் ஒன்று. அதற்குக் காரணம் உண்டு. உலர்த்தும்போது முதலில் போவது நிறம். புதிதாய் விரிந்த பூ வெளிர்நீலமாக இருந்து, முதிர முதிர ஊதா ஏறும். தாளில் ஒட்டி நூறாண்டு கழிந்தபின் அது பழுப்பு. கியூவில் குறிஞ்சியைத் தேடி நீலத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். சங்கப் பாடல்களைப் போலவே உலர்தாவரத் தாளும் நிறம் சொல்வதில்லை.

ஆகவே வேறு அடையாளங்களை நாட வேண்டும். செடி பேரினத்தைச் சேர்ந்ததா என்பதற்குப் பூவின் உட்புறமே சான்று. அல்லிக்குழாயைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால், சூலகத்தண்டை அதன் இடத்தில் இருத்திப் பிடிக்கும் இரு வரிசை மயிர்கள் தெரியும். குறிஞ்சியின் உறவினங்களை ஆடாதோடைக் குடும்பத்தின் பிறவற்றிலிருந்து பிரிப்பது இதுவே. கனி வெடிகனி; விதைகள் சிறு கொக்கிகளின்மேல் அமர்ந்து, வெடிக்கும்போது தெறித்து வீழும். பேரினத்துள் இனத்தைப் பிரிக்க, மகரந்தத்தாள் இரண்டா நான்கா, பூவடிச் செதிலின் வடிவம் யாது, அதன்மேல் சுரப்பி மயிர் உண்டா, புல்லிவட்டம் எவ்வளவு ஆழம் பிளந்துள்ளது, கதிர் இலைக்கக்கத்தில் எழுகிறதா நுனியில் எழுகிறதா என வரிசையாகக் கேட்க வேண்டும்.

குந்தியானாவைப் பொறுத்தவரை, களத்தில் துணைபுரிவன மூன்று. ஒன்று, வாழிடம்: கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1300 முதல் 2400 மீட்டர் வரையுள்ள மலைப் புல்வெளி. அடர்காட்டின் நிழலில் நிற்கும் உயர்ந்த குறிஞ்சி பெரும்பாலும் வேறு இனமாக இருக்கும். இரண்டு, உருவம்: திறந்த புல்வெளியில் 30 முதல் 60 சென்டிமீட்டர் உயரமே உள்ள நெருக்கமான புதர்; காற்று மறைவான இடங்களில் மட்டும் ஆளுயரம் எட்டும். மூன்று, நீஸ் கண்ட அந்த இலை: விளிம்பில் பற்களும், அடிப்புறத்தில் புடைத்து இணையிணையாக ஓடும் நரம்புகளும் கொண்டது. பூக்காத ஆண்டுகளில் கைக்குக் கிடைப்பது இம்மூன்றுமே.

பூக்காத ஆண்டுகளே மிகுதி என்பதுதான் இச்செடியை அடையாளம் காண்பதில் உள்ள முதன்மை இடர். ஓரிடத்துச் செடிகள் யாவும் பன்னிரண்டாம் ஆண்டில் ஒருங்கே பூத்து, விதை தந்து, மடிகின்றன. மூணாறு, கோடைக்கானல் மலைகளின் பூப்பு ஆண்டுகள் 1838 தொடங்கிப் பதிவாகியுள்ளன. அண்மையவை 1982, 1994, 2006, 2018. தொழில்வாழ்க்கை நாற்பது ஆண்டு எனக் கொண்டால், ஒரு தாவரவியலாளர் ஒரு மலையில் மூன்று பூப்பையே காண்பார். பிற இனங்களின் சுற்றுக்காலம் வேறு: மேற்குக் கரையின் வடபகுதியில் ‘கார்வி’ எனப்படும் இனம் எட்டாண்டுக் கணக்கினது எனப்படுகிறது; சில ஆண்டுதோறும் பூப்பவை. குந்தியானாவிலும் எல்லா மலைகளும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. எனவே உலகின் உலர்தாவரகங்களில் பூவோடு கூடிய தாள்கள் சில குறிப்பிட்ட ஆண்டுகளில் குவிந்தும், இடைப்பட்ட ஆண்டுகளில் இலைக்கிளைகளாகவும் உள்ளன. பூவில்லாத தாளில் எழுதப்பட்ட இனப்பெயரை ஐயத்தோடு நோக்குவதே முறை.

வகைப்பாட்டாளரும் இப்பேரினத்தில் உடன்பட்டிலர். 1944இல் டச்சு நாட்டவரான பிரெமெகாம்ப், மகரந்தத்தூளின் வேறுபாடுகளுக்குப் பெருமதிப்புத் தந்து, இதனைப் பல சிறு பேரினங்களாகப் பிரித்தார். அதனால் குறிஞ்சி மீண்டும் நரம்பிலைப் பேரினத்துக்குச் சென்றது. கருங்குறிஞ்சி ‘நீலகிரியாந்தஸ்’ ஆயிற்று. தென்னிந்திய, இலங்கை இனங்களை மீளாய்ந்த கரைன், ஸ்காட்லாண்ட் இருவரும் இப்பிரிவுகள் இயற்கையான உறவைக் காட்டவில்லை எனக் கண்டு, மீண்டும் ஒரே பேரினமாகக் கொண்டனர். இன்று அதுவே பொதுவழக்கு. தமிழ் நூல்களில் இப்பெயர்கள் யாவும் காலவேறுபாடு சுட்டப்படாமல் அருகருகே கிடக்கின்றன. அவை வேறு வேறு செடிகள் எனக் கருதி எழுதியோரும் உளர்.

இலங்கை மலைநாட்டுக்கு இங்கே தனியிடம் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் இப்பேரினத்தின் இனங்கள் பல உள்ளன. சிங்களத்தில் ‘நெலு’ எனப்படுவன. அவற்றிலும் பன்னிரண்டாண்டுப் பூப்பு உண்டு. நெலு காய்க்கும் ஆண்டில் விதையை நாடிக் காட்டுக்கோழிகள் மலையேறித் திரளும் என்பதை எமர்சன் டெனன்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். இவற்றுள் எதுவும் குந்தியானா அன்று. அது தென்னிந்திய மலைகளுக்கே உரியது. எனினும் நுவரெலியாவில் நெலுவைக் காணும் தமிழர் ஒருவர் அதனைக் குறிஞ்சி என்று அழைத்தால் அது பிழையா? தாவரவியல் இனப்பெயராகப் பிழை. தமிழ்ப் பெயராகப் பிழையன்று. இவ்வேறுபாட்டைக் காப்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது. சங்கப் புலவர் கண்ட கரிய தண்டும் மிகுந்த தேனும் இப்பேரினத்தில் ஓர் இனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. திரளாகப் பூத்து மலைச்சரிவை நிறைப்பதால், குந்தியானா அப்பெயருக்கு மிக ஏற்ற செடி எனலாம். ஒரே செடி எனச் சொல்வதற்குப் பாடல்களில் சான்று இல்லை. குறிஞ்சி என்பது இப்பேரினத்தின் மலையினங்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயராக இருந்து, கருங்குறிஞ்சி, நீலக்குறிஞ்சி என அடையடுத்துச் சிறப்பாயிற்று எனக் கொள்வதே கிடைக்கும் சான்றுகளுக்கு இசைவானது.

ஈழத்தமிழர்க்குக் குறிஞ்சியோடு வேறொரு தொடர்பும் உண்டு. கோடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரும் ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவரானவருமான லீலாவதி அம்மையார். முருகனுக்குப் பூவின் பெயரையே சூட்டிய அக்கோயிலைக் காணச் செல்வோரில் பெரும்பாலோர் செடியைக் கண்டிரார்.

பெயர் எதைக் குறிக்கிறது என்பது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று. பாதுகாப்பு பெயரைப் பின்பற்றியே செல்கிறது. கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, கொட்டக்காம்பூர்ப் பகுதியில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் குறிஞ்சிமலைக் காப்பிடமாக அறிவித்தது. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் நீலக்குறிஞ்சி மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் 2024இல் இதனை ‘அழிவாய்ப்புடைய இனம்’ என மதிப்பிட்டது. தேயிலைத் தோட்டங்களும் மென்மரத் தோப்புகளும் ஊர்ப்பெருக்கமும் புல்வெளியை விழுங்கியதே முதற்காரணம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏற்காட்டை ஒட்டிய சேர்வராயன் மலையில் மட்டும் இவ்வினம் எஞ்சியுள்ளது. இவை யாவும் குந்தியானா என்ற ஒரே பெயருக்கு வழங்கப்பட்டவை. பக்கத்துச் சரிவில் வேறோர் குறிஞ்சியினம் இருந்தால் இவ்வாணைகள் அதனைத் தொடா. செய்தித்தாள்களோ ஊதாநிறக் குறிஞ்சி எது பூத்தாலும் நீலக்குறிஞ்சி என்றே எழுதுகின்றன. கூட்டம் திரள்கிறது, கிளைகள் ஒடிபடுகின்றன, எந்த இனம் ஒடிபட்டது என்பது பதிவாவதில்லை.

மலைவாழ் மக்களின் பெயர்வழக்கும் இதே நிலையில் உள்ளது. பளியர் குறிஞ்சியின் பூப்பைக் கொண்டு அகவை கணித்தனர் எனப் பல நூல்கள் கூறுகின்றன. அவர்கள் எந்த இனத்தை எண்ணினர் என்று சான்றுத்தாளோடு நிறுவிய பதிவு இருந்தால்தான் அச்செய்தி முழுமை பெறும். சான்றுத்தாள் என்பது பெரும்பொருட் செலவு வேண்டும் ஒன்றன்று. பூவும் இலையும் உள்ள ஒரு கிளை, அழுத்தி உலர்த்தியது. கூடவே மலையின் பெயர், உயரம், நாள், பறித்தவர் பெயர், புதிய பூவின் நிறம், தண்டின் நிறம், அங்குள்ளோர் அதனை அழைக்கும் பெயர் அவர்கள் ஒலிக்கும் வண்ணமே தமிழ் எழுத்தில். பழைய தாள்களில் நாட்டுப்பெயர்கள் உரோமன் எழுத்தில் அரைகுறையாகவே உள. றகரமும் ரகரமும் அவற்றில் ஒன்றே. சட்டக் காப்புள்ள இனமாதலால் வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். தமிழ்த்துறைகளும் தாவரவியல் துறைகளும் இதற்கென ஒன்றுசேர இன்னும் காலம் உண்டு.

மூணாறு, கோடைக்கானல் மலைகளில் அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. 2018இல் வீழ்ந்த விதையிலிருந்து முளைத்த செடிகள் இப்போது அங்குப் புல்லோடு புல்லாய், பூவின்றி நிற்கின்றன. அதுவரை அவற்றை இனங்காண வேண்டுவோர் இலையைத் திருப்பி நரம்பைத்தான் பார்க்க வேண்டும்.